ஒருவர் இந்தியர் எனத் தகவல்

மடியில் ஆய்வேடு, உள்ளங்கைக்குள் போன். போனை வைப்ரேஷனில் போட்டிருக்கிறேன். அதிர்ந்தால் எலும்பில் தெரிய வேண்டும் என்று இறுக்கிப் பிடித்திருப்பதால் அதிர்வது போனா என் கையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, விரலை விலக்கி விலக்கித் திரையைப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை, என் முகம்தான் கறுப்பாகத் தெரிகிறது. சமூகவியல் துறையின் வராந்தா இது. திருநெல்வேலி வெயில் ஜன்னல் கம்பிகளின் வழியாக வந்து மொசைக் தரையில் பட்டை பட்டையாகக் கிடக்கிறது. உள்ளே என் வகுப்புத் தோழி ஷமீமாவுக்கு வைவா, வாய்மொழித் தேர்வு, நடந்துகொண்டிருக்கிறது, அவளுக்கு அடுத்து நான். செலஸ்டினா மச்சாது, முதுகலை இரண்டாம் ஆண்டு, தலைப்பு 'உலகமயமாதல் கோட்பாடுகள்: ஓர் ஒப்பாய்வு'. கூப்பிட்டதும் எழுந்து போய் வணக்கம் சொல்லி உட்கார்ந்து, உலகமயமாதல் என்பது, என்று தொடங்க வேண்டும். உலகமயமாதல் என்பது. நேற்று மாலையிலிருந்து இந்த இரண்டு சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. உலகமயமாதல் என்பது தூரம் பொருளிழந்துபோகும் ஒரு, ஒரு என்ன, நிகழ்வா, போக்கா, ஆய்வேட்டில் போக்கு என்று எழுதிய ஞாபகம், புரட்டினால் கிடைக்கும், புரட்டப் பயமாக இருக்கிறது, புரட்டுகிற நேரத்தில் போன் அதிர்ந்து நின்றுவிட்டால்.

நேற்று மாலை விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் வந்ததும் யாரோ செய்திக்கு மாற்றினார்கள். திரைக்கு அடியில் ஓடிய வரியில் 'செங்கடல்' என்ற சொல்லைத்தான் முதலில் பார்த்தேன், அண்ணன் போய்வருகிற கடல் என்பதால் அந்தச் சொல் எங்கே இருந்தாலும் என் கண் போய் ஒட்டிக்கொள்ளும். செங்கடலில் மெரிடியன் ஹோப் சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் தீ. இரு மாலுமிகள் பலி. ஒருவர் இந்தியர் எனத் தகவல். அவ்வளவுதான், அதற்குப் பிறகு தங்கம் விலை வந்தது. அந்த வரி சுற்றிவிட்டு மறுபடி வரும்வரை சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன், தின்னவில்லை, பிய்த்தேன். மெரிடியன் ஹோப்பில் இந்தியர்கள் கொஞ்சம் பேர் உண்டு, மேல்தளத்தில், சமையலறையில். ஆனால் இன்ஜின் அறையில் இருக்கிற இந்தியன் ஒருவன்தான். ஆயிலர். மெஷின்களுக்கு எண்ணெய் விட்டு, சூடு பார்த்து, துடைத்து, கப்பலின் அடிவயிற்றிலேயே கிடக்கிற வேலை. ரெமிஜியுஸ் மச்சாது, தூத்துக்குடி. என் அண்ணன். எனத் தகவல். யார் தந்த தகவல்? எவ்வளவு வசதியான வாக்கியம் அது, சொன்னவன் என்று ஒருவன் இல்லை, கேட்டவன் என்று ஒருவன் இல்லை, தவறாகப் போனாலும் யாரும் பொறுப்பில்லை, சரியாக இருந்தாலும் யாரும் பொறுப்பில்லை. என் ஆய்வேட்டிலும் இப்படித்தான் எழுதியிருக்கிறேன், எல்லைகள் கரைகின்றன எனக் கருதப்படுகிறது, உழைப்பு இடம்பெயர்கிறது எனச் சுட்டப்படுகிறது. யார் கருதினார்கள், யார் சுட்டினார்கள், இடம்பெயர்ந்த உழைப்புக்கு மூக்கு எப்படி இருக்கும், காதோரம் நரைத்திருக்குமா.

சென்னை ஏஜென்ட் அலுவலகத்துக்கு நேற்று இரவு முழுக்க அடித்துக்கொண்டிருந்தேன், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். காலையில்தான் ஒரு ஆள் எடுத்தார். அவர் பேரைக் கேட்டேன், சொல்லவில்லை. "மேடம், கப்பல்ல தீ பிடிச்சது உண்மைதான். ரெண்டு பேர்னு எங்களுக்கும் வந்திருக்கு. பேரெல்லாம் நாங்க சொல்லக்கூடாது. மேனேஜ்மென்ட் கம்பெனி சைப்ரஸ்ல இருக்கு, அவங்க சொல்லணும்." அப்போ அவங்க நம்பர் குடுங்க சார். "அங்க இன்னும் ஆபீஸ் திறக்கல மேடம், இப்போதான் விடிஞ்சிருக்கும்." கப்பல் யாரோடது சார், முதலாளி யாரு? சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பு மாதிரி ஒரு மூச்சு கேட்டது. "ஓனர் கிரீஸ்னு சொல்வாங்க மேடம். பேப்பர்ல வேற ஒரு தீவுல ரெஜிஸ்டர் ஆயிருக்கும். கொடி ஆப்பிரிக்கால ஒரு நாடு. இன்சூரன்ஸ் லண்டன். நீங்க யார்கிட்டன்னு போவீங்க? வெயிட் பண்ணுங்க, எல்லாம் நல்லபடியா இருக்கும்." இதைத்தான் மூன்றாம் இயலில் எழுதியிருந்தேன். அதிகாரத்துக்கு முகவரி இல்லாமல் போகிறது என்று. எழுதிய அன்று அந்த வரியின் மேல் எனக்கு ஒரு பெருமை, ஷமீமாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவள் சூப்பர்டி என்றாள். முகவரி இல்லாத கதவை எந்தக் கையால் தட்டுவது என்று யாரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

கதவுக்குப் பின்னால் ஷமீமாவின் குரல் கேட்கிறது. மேலப்பாளையத்துப் பீடித் தொழிலாளர் பெண்கள் பற்றி அவளுடைய ஆய்வு. வெளித்தேர்வாளர் மதுரையிலிருந்து வந்திருக்கிறார், திருமலைக்கொழுந்து சார், மெதுவாகத்தான் பேசுவார், ஆனால் விடமாட்டார் என்று சொன்னார்கள். ஏதோ கேட்கிறார், அவள் சிரிக்கிறாள், அவரும் சிரிக்கிறார். சிரிக்க முடிகிறது அவர்களுக்கு. ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்பும் இந்தப் பக்கம் நானும். நான் யாரிடமும் சொல்லவில்லை. என் நெறியாளர் வள்ளிமயில் மேடத்திடம்கூட. சொன்னால் அவர் எழுந்து வந்து தோளைத் தொடுவார், தொட்டால் அது நடந்ததாகிவிடும். அம்மாவும் அதைத்தான் சொன்னாள். விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு, வாரேன்ம்மா, முதல் பஸ்ஸைப் பிடிச்சி வாரேன் என்றேன். "ஏட்டி, வராத" என்றாள். குரலில் அழுகையே இல்லை, காய்ந்து போயிருந்தது. "நீ பரீட்ச அன்னைக்கி பையத் தூக்கிட்டு வந்து எறங்குனேன்னா தெரு பூரா உறுதின்னு நெனச்சிரும். ஒவ்வொருத்தியா எந்திச்சி வந்து எம்புள்ளைக்கு ஒப்பாரி வைப்பாளுவ. நா கதவச் சாத்தி வச்சிருக்கேன். நீ போயி பரீட்சைய எழுது." எழுதுறது இல்லம்மா, பேசணும். "அப்போ பேசு." வைத்துவிட்டாள். அப்பா இறந்த அன்று கதவைத் திறந்து போட்டவள் அம்மா, எல்லோரும் வந்தார்கள். இன்று சாத்தி வைத்திருக்கிறாள். சாத்திய கதவுக்கு உள்ளே டிவி ஓடிக்கொண்டிருக்கும், சத்தத்தைக் குறைத்து, அடியில் ஓடுகிற வரியை மட்டும் பார்த்துக்கொண்டு. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், வரி ஓடுகிற வேகத்துக்கு முடியாது. இந்தி என்கிறதுக்குள் யர் போய்விடும்.

உலகமயமாதல் என்பது. சரி, கோட்பாடுகளைச் சொல்லிப் பார்ப்போம், மனப்பாடம்தானே, மனசு எங்கே இருந்தாலும் பாடம் வரும். முதல் தரப்பு கொண்டாடுகிறவர்கள். உலகம் ஒரே சந்தையாகிறது, எல்லைகள் கரைகின்றன, எங்கோ பிறந்தவனுக்கும் எங்கோ வேலை கிடைக்கும், கடைசியில் எல்லோருக்கும் நல்லது. இரண்டாம் தரப்பு நம்பாதவர்கள். இதில் புதிதாக ஒன்றும் இல்லை, பழைய வாணிகம்தான், எங்கள் கரையிலிருந்து முத்து ரோமுக்குப் போகவில்லையா, நடுவில் பணக்கார நாடுகள், ஓரத்தில் நாம், நடுவுக்கு வேண்டியதை ஓரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். மூன்றாம் தரப்பு இரண்டுக்கும் இடையில் நின்று, எல்லாம் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருக்கிறது, முடிவு தெரியாது என்கிறவர்கள். நான் மூன்றாம் தரப்பு. அப்படித்தான் முடிவுரையில் எழுதியிருக்கிறேன். முடிவு தெரியாது என்று எழுதுவது எவ்வளவு சுலபமாக இருந்தது. இன்று முடிவு தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம் அந்தச் சொல், பாய்வு. சரக்குகள் பாய்கின்றன, மூலதனம் பாய்கிறது, மனிதர்கள் பாய்கிறார்கள். என் அண்ணன் பாய்ந்து நான் பார்த்ததில்லை. தூத்துக்குடி ஸ்டேஷனில் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினான், படியில் கால் தடுக்கி, ஜன்னல் வழியாக அம்மாவைப் பார்த்து, பெட்டியில கருவாடு போட்டு வச்சியா என்று கேட்டான், அம்மா போட்டாச்சி என்றாள், ரயில் போய்விட்டது. அதில் எங்கே பாய்வு இருந்தது. தடுக்கலும் கருவாடும்தான் இருந்தன.

வள்ளிமயில் மேடம் முதலில் சொன்னார், உங்க தெருவுலயே கப்பலுக்குப் போறவங்க குடும்பம் அத்தனை இருக்கே, அதையே பண்ணேம்மா என்று. எனக்கு வேண்டாம் மேடம், கோட்பாடு பண்றேன் என்றேன். எங்கள் வீட்டுக்குள் கேள்வித்தாளோடு போய் உட்கார எனக்கு இஷ்டமில்லை. கணவர் அல்லது மகன் கடலில் இருக்கும்போது நீங்கள் உணரும் பதற்றத்தின் அளவு: மிக அதிகம், அதிகம், ஓரளவு, இல்லை. அம்மா எதில் டிக் அடிப்பாள். அவளுக்குப் பதற்றம் என்கிற சொல்லே கிடையாது, அடுப்பில் வெச்சதை மறந்துட்டேன் என்பாள், அவ்வளவுதான். அண்ணனிடம் ஒரு தடவை முதல் இயலை அனுப்பினேன். பத்து நாள் கழித்து ஏதோ துறைமுகத்தில் சிக்னல் கிடைத்தபோது பதில் வந்தது. "ரெண்டாவது பக்கத்துல தூங்கிட்டேம்ட்டி. வாட்ச் டூட்டி முடிஞ்சி வந்தா காதுக்குள்ள இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கும், தூக்கம் வராது. உன் தீசிஸ் நல்ல மருந்து. மத்ததையும் அனுப்பு." கோபம் வந்தது எனக்கு, பிறகு சிரித்தேன். எல்லாவற்றையும் அனுப்பினேன், நான்கு இயல்களும். ஒருவேளை நேற்று அதைப் படித்துக்கொண்டே படுத்திருந்தானா, இல்லை, இன்ஜின் அறையில் போனைக் கொண்டுபோகக் கூடாது, அவன் கீழே இருந்திருந்தால் போன் மேலே அறையில் இருந்திருக்கும், மேலே தீ போகவில்லை என்றால் அந்தப் போன் இன்னும் அங்கே கட்டிலில் இருக்கும், நான் அடிக்கிற ஒவ்வொரு அழைப்புக்கும் அது அங்கே, வேண்டாம். வேறு யோசி. ரோட்டர்டாம் போனான், சாண்டோஸ் போனான், எல்லா ஊரும் எப்படி இருந்துச்சிண்ணே என்றால், கிரேனும் வேலியும் என்பான், வேலிக்கு அந்தப் பக்கம் ஊர் இருக்கும் போல என்பான். வேறு யோசி. தீ. இன்ஜின் அறையில் தீ பிடித்தால் கதவுகளை மூடி உள்ளே வாயுவை அடிப்பார்களாம், அவனே சொன்னது, தீ அணைஞ்சிரும், உள்ள ஆளிருந்தா ஆளும் அணைஞ்சிருவான், அதனால ஆள எண்ணிட்டுத்தான் அடிப்பாவ. எண்ணியிருப்பார்களா. வேறு யோசி, செலஸ், வேறு யோசி.

கதவு திறக்கிறது. ஷமீமா முகமெல்லாம் பூரித்து வெளியே வருகிறாள். "முடிஞ்சிட்டுடி! நல்ல மனுஷன்டி, பயப்படாத. உன்னைக் கூப்பிடுறாங்க." என் கையைப் பிடிக்கிறாள், பிடித்ததும் அவள் சிரிப்பு நிற்கிறது. "என்னடி கை இப்படி ஐஸா இருக்கு? காய்ச்சலா?" ஒன்றும் இல்லை என்கிறேன். எழுந்து நடக்கிறேன்.

அறைக்குள் ஏசி. நீள மேசைக்கு அந்தப் பக்கம் திருமலைக்கொழுந்து சார், பக்கத்தில் வள்ளிமயில் மேடம், மூன்று தேநீர்க் கோப்பை. போனை ஆய்வேட்டுக்கு அடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறேன். சார் என் ஆய்வேட்டின் நடுவே விரலை வைத்திருக்கிறார். "நல்லா எழுதியிருக்கீங்கம்மா. மொழி நல்லா இருக்கு. ஒண்ணு கேக்கலாமா? இவ்வளவு பக்கத்துல ஒரு ஆள்கூட வரலையே. அமைப்பு வருது, போக்கு வருது, பாய்வு வருது. வேணும்னே செஞ்சதா?" மேடம் என்னைப் பார்க்கிறார், நான் சொன்னேனே என்பது மாதிரி இல்லை, ஏதோ கவலையாக. கோட்பாட்டு ஆய்வு என்பதால் சார், என்கிறேன். என் குரல் தெளிவாக வருகிறது, யாருடைய குரலோ. "சரி. தூரம் பொருளிழந்துபோகுதுன்னு எழுதியிருக்கீங்க. இந்தக் கருத்து எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்துமா?" பொருந்தாது சார். "யாருக்குப் பொருந்தாது?" வாயைத் திறக்கிறேன். சரக்குக்குப் பொருந்தும் சார். பிரேசில் சோயா இங்கே கோழித் தீவனமாக வந்துவிடும், அது எந்தச் சாக்கில் எந்த நேரம் எங்கே இருக்கிறது என்று ஒருவனுக்குத் தெரியும். அதைக் கொண்டுவருகிறவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டால், சைப்ரஸில் இன்னும் ஆபீஸ் திறக்கவில்லை என்பார்கள். இதைச் சொன்னேனா, நினைத்தேனா. சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, சார் கண்ணாடியைக் கழற்றுகிறார். "சைப்ரஸா? இது ஆய்வேட்டில் இல்லையே." இல்லை சார். "எங்கிருந்து வந்தது?"

அப்போதுதான் அதிர்ந்தது. இந்த முறை கை இல்லை, போன்தான், மேசையின் மரமே உறுமியது. முன்னால் கூட்டல் குறி போட்ட நீளமான எண், எந்த நாடு என்று தெரியவில்லை. கம்பெனிதான். பேரைச் சொல்லப் போகிறார்கள். எடுக்காவிட்டால் அவர்கள் இன்னும் சொல்லவில்லை, எடுக்காதவரைக்கும் அவன் இருக்கிறான், எடுக்காமலே இருந்துவிடலாமா, அதிரட்டும், அதிர்ந்துகொண்டே இருக்கட்டும். "செலஸ்டினா?" என்கிறார் மேடம். எழுந்துவிட்டேன், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிறது, மன்னிச்சிருங்க சார் என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளி வராந்தாவுக்கு வந்து பச்சையை அழுத்தினேன்.

"ஏட்டி செலசு."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். 

"ஏட்டி, கேக்குதா? நாந்தாம்ட்டி. அழாத. ஏ, அழாதட்டி, எனக்குச் சத்தமாப் பேச முடியாது, வயித்துல தையல் போட்டிருக்கு." நான் அழவில்லை, அழுகிற மாதிரி ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்துகொண்டிருந்தது, அதை நிறுத்தத் தெரியவில்லை. எங்கேண்ணே இருக்க, எங்கே இருக்க. "ஓமன்ல. சலாலான்னு ஒரு ஊரு, ஆஸ்பத்திரி. குடல்வால் வெடிச்சிட்டு. கப்பல்லயே துடியா துடிச்சேன், அப்புறம் கரைக்குப் பக்கத்துல நிப்பாட்டி போட்டுல எறக்கி விட்டாவ. ஆபரேஷன் முடிஞ்சும் ரொம்ப நேரம் மயக்கத்துலயே கெடந்துருக்கேன். என் போனு கப்பல்லயே போயிட்டு. இங்க ஒரு மலையாளத்து நர்ஸு, அவுங்க போனுதான் இது. அம்மா நம்பர் மாத்துனதுக்குப் பொறவு எனக்கு மனப்பாடம் இல்ல, உன்னது மட்டுந்தான் தெரியும்." கம்பெனிக்காரன் ஒண்ணுமே சொல்லலைண்ணே, டிவியில இந்தியர்னு, நாங்க உன்னைய, நாங்க. "பாத்தேன். நர்ஸம்மா போன்ல காட்டுனாவ." அவன் மூச்சு விடுவது கேட்டது, வலியோடு எடுத்து எடுத்து விடுகிற மூச்சு. "டிவியில செத்துப்போன இந்தியன் நாந்தாம்ட்டி. அவனுவ பேப்பர்ல இன்னும் எம்பேருதான் இருக்கும் போல. என் வாட்ச் டூட்டி நேரத்துலதான் தீ பிடிச்சிருக்கு. அந்நேரம் கீழ இருக்கது செகண்ட் இன்ஜினியரும் ஆயிலரும். ஆயிலரு நான் இல்ல."

அப்போ யாருண்ணே, என்று கேட்கவில்லை, கேட்கத் தோன்றவே இல்லை, அந்த நிமிஷத்தில் எனக்கு அவன் குரல் போதும், அது கரகரப்பாக, ஊர்க்குரலாக, ஏட்டி ஏட்டி என்று வந்துகொண்டிருந்தால் போதும். அவனாகத்தான் சொன்னான். "என்னைய எறக்குன போட்டுலதான் அவன் வந்து கப்பல்ல ஏறுனான். பர்மாக்காரன். வேற கப்பலுக்குன்னு இங்க வந்து காத்துக் கெடந்தவன, ஆள் இல்லன்னு இதுல ஏத்தி விட்டுட்டானுவ. ஸ்ட்ரெச்சர ஒரு பக்கம் அவன்தான் பிடிச்சான். கப்பல் ஆடிட்டு, நான் சரிஞ்சேன், நெஞ்சக் குடுத்துத் தாங்குனான். சாப்பாடு எப்படி, சீஃப் இன்ஜினியர் நல்லவரான்னு இங்கிலீசுல கேட்டான். குட் குட்டுன்னேன். வேறென்னத்தச் சொல்ல, வலி உயிர் போகுது. தெட்டுன்னு பேரு சொன்னான். அதுக்குப் பின்னால இன்னொரு பேரும் சொன்னான், காதுல ஏறல." பிறகு என் அண்ணன் அழுதான். நான் அவன் அழுது கேட்டதே இல்லை, அப்பா செத்தபோதுகூடப் பந்தலுக்குக் கம்பு கட்டிக்கொண்டிருந்தான். "குட் குட்டுன்னு சொல்லிட்டேம்ட்டி" என்றான். பக்கத்தில் ஒரு பெண் குரல் மலையாளத்தில் ஏதோ சொல்ல, மறுபடி பேசுதேன், அம்மாட்ட சொல்லிரு என்று வைத்துவிட்டான்.

அம்மாவுக்கு அடித்தேன். முதல் மணியே முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள். இருக்காம்மா, அண்ணன் இருக்கான், ஆஸ்பத்திரியில இருக்கான், பேசிட்டான். அந்தப் பக்கம் ஏதோ விழுகிற சத்தம், பாத்திரமா, அவளா. பிறகு மாதாவே, மாதாவே என்று மெதுவாக, பிறகு சத்தமாக, தாழ்ப்பாள் எடுபடுகிற சத்தம், கதவைத் திறந்துவிட்டாள், தெருவில் யாரையோ கூப்பிட்டு எம்புள்ள இருக்கான் என்கிறாள். நானும் சிரித்தேன். வெயில் பட்டை பட்டையாக, வேப்பமரத்தில் காக்கை, எல்லாம் திடீரென்று கூர்மையாகத் தெரிந்தன. பிறகு அம்மா திரும்பப் போனுக்கு வந்தாள். "ஏட்டி, அப்போ செத்துப்போன அந்த இந்தியக்காரன் யாருட்டி?" இந்தியன் இல்லம்மா. அண்ணனுக்குப் பதிலா ஏறுனவன். பர்மாவாம். தெருச் சத்தத்துக்கு நடுவே, "அவன் வீட்டுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது. எப்படித் தெரியும். அங்கே ஒரு டிவி இருக்கும், அதன் அடியிலும் ஒரு வரி ஓடும், புரியாத வளைந்த எழுத்தில், ஒருவர் இந்தியர் எனத் தகவல் என்று. அதைப் படித்துவிட்டு அவர்கள் மூச்சு விட்டிருப்பார்கள். நம்ம பிள்ளை இல்லை, யாரோ இந்தியன், பாவம் என்று சொல்லியிருப்பார்கள், சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். அவன் இந்தக் கப்பலில் ஏறியதே அவர்களுக்குத் தெரியாதோ என்னவோ, வேறு கப்பலுக்குப் போனவன்தானே. என் அண்ணனின் சாவு அவர்களை ஒரு நாள் காப்பாற்றி வைத்திருக்கிறது, அவர்கள் பிள்ளையின் சாவு எங்களைக் காப்பாற்றிவிட்டது. நான் என்ன செய்ய வேண்டும். ஒன்றும் செய்ய வேண்டாம். கம்பெனி கண்டுபிடிக்கும், உடம்பைப் பார்த்தால் தெரியாதா, தெரியாதோ, தீயில் என்ன தெரியும், சொல்வார்கள், என்றாவது சொல்வார்கள். உள்ளே போய் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்காரலாம். எல்லாம் எல்லாவற்றோடும் பின்னிக் கிடக்கிறது சார், ஓரிடத்து நிகழ்வு இன்னோரிடத்தில், என்று இப்போது தடுமாறாமல் வரும், அண்ணன் இருக்கிறான், என்ன வேண்டுமானாலும் பேசலாம். என் விரல் அதற்குள் சென்னை எண்ணை அழுத்திவிட்டிருந்தது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. உங்கள் அழைப்பு எங்களுக்கு.

கதவைத் திறந்து திருமலைக்கொழுந்து சார் தலையை நீட்டினார். பின்னால் மேடம். "ஏதாவது கெட்ட செய்தியாம்மா?" தெரியல சார் என்றேன், எனக்கு நல்லதுதான், ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க. அவர் உள்ளே போகவில்லை, கதவைப் பிடித்தபடி நின்றார். 

காலையில் பேசிய அதே ஆள் எடுத்தார். என் அண்ணன் உயிரோடு இருக்கான் சார், சலாலா ஆஸ்பத்திரியில என்றேன். "அப்படியா, ரொம்ப சந்தோஷம் மேடம்" என்றார், உண்மையாகவே சந்தோஷப்பட்டார், குரலில் தெரிந்தது. "எங்களுக்கு அவர் இறங்கினதே வரல பாருங்க. உடனே அப்டேட் பண்ணிடறேன்." அவருக்குப் பதிலா ஒருத்தர் ஏறினார் சார், இறந்தது அவராத்தான் இருக்கணும். பர்மாக்காரர். அவங்க வீட்டுக்குச் சொல்லணும். "அது எங்க கையில இல்ல மேடம், பர்மா ஆளுங்க எல்லாம் ரங்கூன் ஏஜென்ட். அவங்க பாத்துப்பாங்க." அவங்களுக்கு அவர் இந்தக் கப்பல்ல ஏறினதே தெரியாது சார். இந்தியர்னு நீங்கதான சொல்லி வச்சிருக்கீங்க. நீங்க ரங்கூனுக்குச் சொல்லுங்க, இல்லன்னா நம்பர் குடுங்க, நான் சொல்றேன். "மேடம், உங்க பிரச்சினை முடிஞ்சுபோச்சு இல்ல? இதை ஏன் நீங்க..." அவர் கோபப்படவில்லை, களைத்திருந்தார், ராத்திரியெல்லாம் அவரும் அந்த இருக்கையில்தான் இருந்திருப்பார். நான் வைக்கவில்லை. விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "சரி, சைப்ரஸுக்கும் ரங்கூனுக்கும் ஒரு மெயில் போடறேன். யார் சொன்னதுன்னு போடணும். அந்த ஆளுக்கு நீங்க என்ன உறவு?"

என்ன உறவு. திருமலைக்கொழுந்து சார் கதவைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு இயல், அத்தனை பக்கம், மூன்று தரப்பு. இதற்கு ஒரு சொல் அதில் எங்கேயாவது இருக்குமா என்று ஒரு கணம் உண்மையிலேயே தேடினேன்.

"உறவு இல்ல சார்" என்றேன் போனில். "அவர் செத்தது எனக்குத் தெரியும். அவங்க வீட்டுக்குத் தெரியாது. அதுதான்."

அந்தப் பக்கம் மறுபடி விசைப்பலகை தட்டுகிற சத்தம்.

"பேரு சொல்லுங்க" என்றார்.

"தெட்."

"தெட். அப்புறம்?"